பெயரிலிருந்து தொடங்குங்கள்: ஏப்ரல், மே விடுமுறைக்கு அறியாத நாட்டுக்குப் போகும் பெங்களூர்க் குடும்பங்களுக்கு

பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தில் கடைசியாக இரண்டு வரிகள் இருக்கும். எழுத்துகளும் எண்களும் கோணக் குறிகளும் நெருக்கி அடுக்கிய வரிகள். கணினி படிப்பதற்காக அச்சிட்டவை. வெளிநாட்டுப் பயண வேலையை அந்த வரிகளைப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். டிக்கெட் விலை, ஹோட்டல் எல்லாம் அப்புறம். விமான நிறுவனமும் விசா அலுவலகமும் குடியேற்ற அதிகாரியும் உங்களை அறிவது அந்த வரிகளின் வழியாகத்தான். தமிழர்களுக்கு முதல் சிக்கலும் அங்கேதான்.

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை; முன்னெழுத்துதான் வழக்கம். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்து செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர். அம்மாவுக்கு அவருடைய அப்பாவின் பெயர். நான்கு பேர் கொண்ட ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் பார்க்கிற வெளிநாட்டு அதிகாரிக்கு இது ஒரு குடும்பம் என்று தானாகப் புரியாது. அதனால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று, பெற்றோர் இருவர் பெயரும் ஆங்கிலத்தில் உள்ளது, கைப்பையிலேயே இருக்கட்டும். அம்மா மட்டும் பிள்ளைகளோடு போகிறார் என்றால், அப்பா கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் அவருடைய பாஸ்போர்ட் நகலும் சேர்த்து வையுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கும்போது இல்லையென்றால், தூங்காத குழந்தையோடு கவுண்டர் ஓரத்தில் நிற்க வேண்டிவரும்.

குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. மற்ற நாடுகளில் தடை இல்லாவிட்டாலும் டிக்கெட் பதியும் படிவம் தடுக்கும்: குடும்பப் பெயர் கட்டாயம் என்று சிவப்பில் எழுதிக் காட்டும். சில விமான நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு முறை இடச் சொல்கின்றன. சில வேறு வழி சொல்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் விதியைப் பாருங்கள். இடைத்தரகுத் தளம் தானாக நிரப்பிக் கொடுப்பதை நம்ப வேண்டாம். பதிந்த பிறகு திருத்தக் கட்டணம் உண்டு, சில வகை டிக்கெட்டில் ரத்து செய்து புதிதாகத்தான் எடுக்க வேண்டும். அடிக்கடி வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது இடுபெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரே கட்டத்தில் இருக்கும் இரண்டு சொற்களைப் பிரித்து எழுதுவது வேறு, புதிதாகப் பெயர் சேர்ப்பது வேறு. இரண்டாவதற்குக் கூடுதல் ஆவணம் கேட்பார்கள்.

அடுத்தது காலாவதித் தேதி. பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி கேட்கின்றன. மே மாதப் பயணத்துக்கு அக்டோபரில் முடியும் பாஸ்போர்ட் போதாது. இதைத் தடுப்பது அந்த நாட்டு அதிகாரி அல்ல; தேவனஹள்ளி விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் இருப்பவர். தகுதியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விதி வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடி, வெளியிட்டுப் பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்கள். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்தாண்டு என்பதால் அதைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். சிறு பிள்ளைகளுடையது ஐந்தே ஆண்டு. குழந்தையாக இருந்தபோது எடுத்தது ஒன்றாம் வகுப்புக்குள் முடிந்துவிடும்.

புதுப்பிக்க லால்பாக் அல்லது மாரத்தஹள்ளி சேவா மையத்தில் நேரம் வாங்குகிறவர்கள் முகவரி விஷயத்தில் யோசித்து எழுதுங்கள். வேலை இங்கே, ஆதார் முகவரி சேலத்திலோ திருநெல்வேலியிலோ என்று இருப்பவர்கள் நம்மில் ஏராளம். பாஸ்போர்ட்டுக்கு நாட்டின் எந்த ஊரிலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் போலீஸ் விசாரணை நீங்கள் எழுதிய முகவரிக்குத்தான் போகும். ஊர் முகவரியை எழுதிவிட்டு இங்கே இருந்தால், வந்த காவலர் ‘ஆள் இல்லை’ என்று எழுதிப் போவார், விண்ணப்பம் அப்படியே நிற்கும். விடுமுறை நெருங்கும்போது சேவா மையத்தில் நேரம் கிடைப்பதும் கடினமாகிவிடும். எனவே இந்த வேலை ஜனவரிக்குரியது.

ஓசூரில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில தூதரகங்கள் நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தைப் பார்த்துத்தான் விண்ணப்பம் வாங்கும். பெங்களூர் அலுவலகம் பக்கத்தில் இருந்தாலும், முகவரி தமிழ்நாடு என்றால் சென்னைக்குப் போகச் சொல்லலாம். நேரம் பதியும் முன் எந்த மாநிலத்துக்கு எந்த அலுவலகம் என்ற அந்தத் தூதரகத்தின் பங்கீட்டைப் படித்துவிடுங்கள்.

விசாவில் இரண்டு வகை உழைப்பு இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். வழக்கமாக 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி, 45 நாள் வரை நீட்டிக்கவும் விதியில் இடமுண்டு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இல்லை. எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. நேரம் சுலபமாகக் கிடைக்கும் நாட்டில் விண்ணப்பித்துவிட்டு இன்னொரு நாட்டில் தங்குவது மறுப்புக்கு வழிவகுக்கும், அடுத்த விண்ணப்பத்தையும் அது பின்தொடரும். மே மாதம் போக வேண்டுமானால் பிப்ரவரி நடுவில் கோப்பு கையில் தயாராக இருப்பது நலம்.

முதல் முறை போகிற குடும்பத்துக்கு மின்விசா தரும் நாடு எளிது. வியட்நாமை எடுத்துக்கொள்ளலாம், இனி வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே. 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் மின்விசா தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் விஎன்’ என்று முடியும். தேடினால் முதலில் வருவது அதே தோற்றத்தில் இருக்கும் தனியார் தளங்கள்; இரண்டு மூன்று மடங்கு வாங்கிக்கொண்டு இதே படிவத்தைத்தான் நிரப்பித் தருகின்றன. படிவத்தில் பிழை வருவது மூன்று இடங்களில். பெயர், பாஸ்போர்ட்டின் அந்தக் கடைசி வரிகளில் உள்ளபடியே இல்லாமல் போவது. பிறந்த நாளையும் மாதத்தையும் மாற்றி எழுதுவது. நுழையும் விமான நிலையத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது. பணம் கட்டிய பின் அது திரும்பி வராது. மூன்று வேலைநாளில் வரும் என்று சொன்னாலும் ஏப்ரல் 30, மே 1 இரண்டும் அங்கே தேசிய விடுமுறை. மூன்று வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். வந்த விசாவை இரண்டு பிரதி அச்செடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் படியுங்கள். வீட்டில் விண்ணப்பம் நிரப்பாத இன்னொருவர் படிப்பது மேல்.

விசா வேண்டுமோ வேண்டாமோ, அதற்கு வெளியே தனியாக ஒரு படிவமும் இருக்கலாம். தாய்லாந்து 2025 மே 1 முதல் மின் வருகை அட்டையைக் கட்டாயமாக்கிவிட்டது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அப்படி ஒன்று உண்டு. மூன்றும் இலவசம், மூன்றையும் வருகைக்கு மூன்று நாள் முன்பிருந்துதான் நிரப்ப முடியும்.

டிக்கெட்டில் பலர் சறுக்கும் இடம் நள்ளிரவு. பெங்களூரிலிருந்து பல வெளிநாட்டு விமானங்கள் 12 மணிக்குப் பிறகு கிளம்புகின்றன. மே 5, 00:30 என்று இருந்தால் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது மே 4 மாலை. மே 5 இரவு போய் நிற்பவர்களுக்கு விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். காலண்டரில் விமான நேரத்தைக் குறிக்காமல், வீட்டு வாசலில் வண்டி வர வேண்டிய நாளையும் நேரத்தையும் குறியுங்கள். இன்னொன்று, மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுப்பது. பிஎன்ஆர் வேறு வேறு என்றால் நடுவில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பும் இல்லை.

நமது விடுமுறை அந்த நாட்டில் என்ன பருவம், என்ன பண்டிகை என்று பார்க்காமல் தேதி வைக்காதீர்கள். ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும் ஜப்பானில் தொடர் விடுமுறை. ரயிலும் விடுதியும் உள்ளூர்க்காரர்களாலேயே நிரம்பிவிடும். வியட்நாமில் நடுப்பகுதி, டா நாங் பக்கம், அப்போது வறண்ட பருவம். தெற்கே ஏப்ரல் கொடும் வெயில், மேயில் மழை தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே வாழ்ந்து பழகிய பெங்களூர் உடம்புக்கு அந்தப் புழுக்கம் சென்னை மே மாதத்தைப் போல இருக்கும். பகல் 11 முதல் 3 வரை வெளியே திட்டம் எதுவும் வைக்காமல் இருந்தால் பெரியவர்களும் பிள்ளைகளும் மாலையில் நடப்பார்கள்.

இனி பணம். அட்டை, ரொக்கம் இரண்டும் வேண்டும், ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிமாற்றம் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் போய் நீங்கள்தான் திறக்க வேண்டும். கடையில் தேய்ப்பது, ஏடிஎம், இணையம் மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச். சாதாரணக் கடன் அட்டையில் மாற்றுக் கட்டணம் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் இது குறையும் என்று எல்லோரும் வாங்குகிறார்கள், சரிதான். ஆனால் டாலர் ஏற்றிய கார்டை, டாங் என்ற நாணயம் புழங்கும் வியட்நாமில் தேய்த்தால் நாணயம் மாறும் கட்டணம் தனியாகப் பிடிக்கப்படும். கார்டில் அந்த நாட்டு நாணயம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். அங்கே கடைக்காரரின் கருவி ‘ரூபாயில் கட்டணமா, உள்ளூர் நாணயத்திலா’ என்று கேட்கும். ரூபாய் என்றால் கணக்கு புரியும் என்று அதை அழுத்தத் தோன்றும். அழுத்த வேண்டாம். அந்த மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது அந்தக் கருவிக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம், உங்கள் வங்கி அல்ல. எப்போதும் உள்ளூர் நாணயம்.

ரொக்கத்துக்கு எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு பக்கத்தில் உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடைகள் இருக்கின்றன. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு கேட்பார்கள். ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரை வாங்கலாம். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கட்ட முடியாது, வங்கி வழிதான். மடிப்போ மை எழுத்தோ கிழிசலோ உள்ள டாலர் நோட்டை வாங்காதீர்கள். இங்கே தரும்போது ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அங்கே மாற்றும்போது தள்ளிவிடுவார்கள் அல்லது விலை குறைப்பார்கள். இந்திய ரூபாய் 25,000க்கு மேல் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. திரும்பி வந்து வீட்டுக்குப் போக வாடகைக் காருக்குத் தேவையானது போதும்.

வியட்நாம் டாங் ரூபாய்க்கு ஏறத்தாழ 300. கடைசி மூன்று சுழியை நீக்கி, மிச்சத்தை மூன்றேகாலால் பெருக்கினால் கிட்டத்தட்ட ரூபாய் வந்துவிடும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், அவர்கள்தான் வேகமாகக் கணக்குச் சொல்வார்கள். 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலம். ஒன்று எழுபது ரூபாய் போல, மற்றது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். 500,000 நோட்டுகளைத் தனிப் பையில் வைத்துவிடுங்கள். மங்கலான விளக்கில் வண்டிக்காரரிடம் தவறாக நீட்டும் வாய்ப்பே இல்லாமல் போகும்.

கைபேசியைப் பணத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். விமான நிலையத்தில் வெளிநாட்டு சிம் வாங்கி, இந்திய சிம்மைக் கழற்றிப் பணப்பையில் போட்டுவிட்டால் ஓடிபி வராது. சில வங்கிச் செயலிகளும் யுபிஐயும் சிம் மாறியதைக் கண்டு வெளியேற்றிவிடும். மறுபடி பதிய அதே எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். கைபேசி இசிம் (அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதியும் சிம்) ஏற்குமானால் வழி எளிது: இந்திய சிம் அதன் இடத்திலேயே இருக்கட்டும், ரோமிங் சேவையைக் கிளம்பும் முன்பே திறந்துவிட்டு அதன் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள், இணையத்துக்கு அந்த நாட்டு இசிம். வரைபடத்தையும் மொழிபெயர்ப்புக் கோப்பையும் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். தென்கிழக்கு ஆசியாவில் வண்டி அழைக்கும் கிராப் செயலியிலும் இங்கேயே, இந்த எண்ணிலேயே கணக்குத் திறந்துவிடுங்கள். யுபிஐ சிங்கப்பூர், அமீரகம், இலங்கை, மொரீஷியஸ், நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளில் ஏற்கும் கடைகளில் வேலை செய்யும். அதை ஒரு கூடுதல் வசதியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுப் பெட்டி பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், சுங்கத்தில் மாட்டுவது அதுதான். வீட்டில் அரைத்த பருப்புப் பொடி, சத்துமாவு, ரசப் பொடி எல்லாம் பெயரில்லாத பிளாஸ்டிக் கவரில் இருந்தால் ஸ்கேனரில் பார்ப்பவருக்கு அது அடையாளம் தெரியாத பொடி. பயணத்துக்கு மட்டும், உட்பொருள் ஆங்கிலத்தில் அச்சிட்ட, கடையில் மூடி முத்திரையிட்ட பாக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சலும் தொக்கும் ஊறுகாயும் கைப்பையில் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் எடுத்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில், இரட்டைக் கவரில் வையுங்கள். கொப்பரை எந்தப் பெட்டியிலும் கூடாது. அதன் எண்ணெய்ச் சத்தால் தீப்பற்றும் பொருளாகக் கணக்கிடப்படுகிறது. கசகசா கலந்த மசாலாவைச் சிங்கப்பூருக்கோ அமீரகத்துக்கோ கொண்டு போகவே போகாதீர்கள். இரண்டு நாட்டிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நெய், பன்னீர், பால்பொருள் எதுவும் பயணிகள் பெட்டியில் செல்லாது. கறிவேப்பிலை ஒரு கொத்து கூடத் தாவர நலச் சான்றில்லாமல் கூடாது, ஜப்பானிலும் பச்சைக் காய், பழம், விதை எல்லாவற்றுக்கும் இதே விதி.

வியட்நாமில் சைவம் கிடைக்கும், கேட்கத் தெரிந்தால். ‘சாய்’ என்ற சொல் பெளத்த சைவ உணவைக் குறிக்கும்; ‘ஆன் சாய்’ என்றால் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். பெயர்ப்பலகையில் ‘சாய்’ என்றிருக்கும் கடையில் நிம்மதியாக உட்காரலாம். தட்டில் கறித்துண்டு போலவே ஏதாவது வரும், அது சோயா. மற்றக் கடைகளில் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் காய்கறி வரும், ஆனால் மீன் சாற்றில் வதக்கியதாக இருக்கும். அதன் பெயர் ‘நுவக் மாம்’. அவர்களுக்கு அது நமக்கு உப்பு மாதிரி, இறைச்சிக் கணக்கிலேயே வராது. ஜப்பானில் இதே இடத்தில் ‘தாஷி’ என்ற மீன் சாறு இருக்கிறது. இந்தச் சொற்களை அந்த மொழி எழுத்தில் அச்செடுத்த ஒரு சிறு அட்டை, மொழிபெயர்ப்புச் செயலியைவிட வேகமாக வேலை செய்யும்.

மருந்துகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டு போங்கள். சீட்டில் மூலப்பெயர் இருக்க வேண்டும், வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. நாள் கணக்குக்கு மேல் ஐந்து நாள் கூடுதல், பாதி ஒரு பையில், பாதி இன்னொன்றில். இன்சுலின் கைப்பையில் மட்டும். சளி மாத்திரையையும் இருமல் மருந்தையும் சாதாரணமாக நினைக்காதீர்கள்: சூடோஎபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ளவை ஜப்பானில் தடை, கோடீன், டிரமடால் இரண்டும் அமீரகத்தில் முன் அனுமதி கேட்பவை. கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாள் முன்பே போட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம்.

பயணக் காப்பீட்டை நாட்டைவிட்டுக் கிளம்பும் முன் எடுத்தால்தான் உண்டு. அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு போனால் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த வயதுக்கு அறை, அறுவை என்று தனித்தனி உச்சவரம்பு இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைத்தால் கோரிக்கை அங்கேயே விழும். ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ.

பவர் பேங்க் கைப்பையில்தான். 20,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74 வாட்-மணி, எல்லை 100. பெரும்பாலானவை உள்ளே வரும், ஆனால் எண் தேய்ந்து படிக்க முடியாததைச் சோதனையில் பறித்துக்கொள்ளக்கூடும். சோறு வடிக்கச் சின்ன மின்குக்கர் கொண்டு போகிறவர்கள் மின்னழுத்தம் பாருங்கள். வியட்நாமில் 220 வோல்ட், வேலை செய்யும். ஜப்பானில் 100 வோல்ட். 230க்கான குக்கர் அங்கே ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் தரும், அரிசி ஊறும், வேகாது. கைபேசிச் சார்ஜர் எங்கும் ஓடும். அடாப்டர் நான்கு வாங்குவதைவிட ஒரு அடாப்டரும் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றும் போதும்.

வியட்நாமில் வாடகை ஸ்கூட்டர் எடுக்கும் ஆசை பலருக்கு. நம் ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வருவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தை. ஜப்பானில் செல்லும் அதே அட்டை அங்கே செல்லாது. கடைக்காரர் கேட்காமல் வண்டி தருவார். விழுந்து அடிபட்டால் செல்லுபடியான உரிமம் இல்லை என்று காப்பீடு கையை விரித்துவிடும். வண்டியோட்டியோடு போங்கள்.

கிளம்பும் நாளில் வீட்டில் கேஸ் ரெகுலேட்டரை மூடுவதோடு, பால்கனியின் தண்ணீர் வடிகாலையும் துடைத்துவிடுங்கள். மே மாத மாலை மழையில் இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கூடத்துக்குள் வரும். வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் இரண்டாம் டெர்மினலில். கவுண்டர் வழக்கமாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடும். சில்க் போர்டு, ஹெப்பால் இரண்டையும் தாண்டி வருகிறவர்கள் மாலை நேரத்தில் ஐந்து மணி நேரம் முன்பே புறப்படுவது அதிகமல்ல. தாலிக்கொடி, கனமான சங்கிலி, விலையுயர்ந்த கேமரா எடுத்துப் போகிறவர்கள் செக்-இன் செய்யும் முன் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். எடையும் படமும் அதில் பதிவாகும். திரும்பும்போது அங்கே வாங்கிய நகை என்று வரி கேட்கும் பேச்சே எழாது. அரை மணி நேரம் ஆகும், அதற்கும் சேர்த்து வாருங்கள்.

இறங்கியதும் குடியேற்ற வரிசையில் ஹோட்டல் முகவரியும் திரும்பும் டிக்கெட்டும் தாளில் கையில் இருக்கட்டும்; அந்த இடத்தில் இணையம் கிடைக்காமல் போவது சாதாரணம். முத்திரை குத்தித் தந்ததும் கவுண்டரைவிட்டு நகர்வதற்குள் அதில் எழுதியிருக்கும் கடைசித் தேதியை ஒவ்வொரு பாஸ்போர்ட்டிலும் பாருங்கள். விசாவில் உள்ளதோடு அது பொருந்தவில்லை என்றால் அங்கேயே, அதே அதிகாரியிடம் சொல்லுங்கள். அவரால் ஒரு நிமிடத்தில் திருத்த முடியும். வெளியே வந்துவிட்ட பிறகு அது குடியேற்ற அலுவலகத்தில் ஒரு முழு நாள்.